காபித் தோட்டத்துக்குள் கற்திட்டைகள்: கீழ்ப்பழனி மலைக்கு நான்கு நாள் முழு வழிகாட்டி

வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது ஊத்து என்றொரு சின்ன இடம் வரும். வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை அதைக் கவனிக்காமலே ஏரியை நோக்கிப் போய்விடும். அங்கே பிரிகிற சாலை பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குப் போகிறது. இந்த வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்கு.

மலைச்சரிவில் திராட்சை வளர்த்து ஒயின் செய்கிற ஊர்கள், அதே சரிவில் ஆயிரக்கணக்கான வருடப் பழைய கல்லறைகள் என்று வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாண்டிக்குடிதான் கண்ணில் வந்து நிற்கும். நம் மலையில் திராட்சை அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. மேலே ஆள்வது காபி. ஆனால் மது இந்த நிலத்துக்குப் புதிதல்ல. மூங்கில் குழாயில் தேனை ஊற்றி நாள்பட விளையவைத்த தேறலைக் குடித்து, தொண்டகப் பறை அடித்து மலைக்குறவர்கள் குரவை ஆடியதைத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயரே குன்றுதோறாடல். முருகன் இருக்கிற குன்றெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பழனி மலைத்தொடர் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து கிழக்கே நீண்டு வரும் ஒரு கிளை. கொடைக்கானல் நகரம் 2,100 மீட்டர் உயரத்தில், மேல்பழனியில் இருக்கிறது. 1,000 முதல் 1,500 மீட்டர் வரை உள்ள பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, கே.சி.பட்டி, பாச்சலூர், ஆடலூர் பக்கமெல்லாம் கீழ்ப்பழனி. அரபிகா காபி விரும்புகிற உயரமும் இதுதான், பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காகக் கற்திட்டை என்கிற கல் அறைகளை எழுப்பிய இடங்கள் நிறைய இருப்பதும் இங்கேதான்.

பயணத்தை நான்கு நாளாகப் பிரித்திருக்கிறேன். எழுத்தே இல்லாத கல்லில் தொடங்கி, எழுத்துள்ள கல்லில் முடிகிற வரிசை. முடிந்தவரை இதை மாற்றாமல் போய்ப் பாருங்கள்.

எந்த மாதம்

ஜனவரி பாதியில் இருந்து பிப்ரவரி முடியும் வரை. இதுதான் என் முதல் பரிந்துரை. மழை விட்டிருக்கும், பாறை காய்ந்திருக்கும், காபிப் பழம் பறிக்கிற வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும். காலையில் குளிர் நடுக்கும், பத்து மணிக்கு மேல் வெயில் இதமாக இருக்கும்.

இரண்டாவது, மார்ச் கடைசியும் ஏப்ரலும். கோடையின் முதல் மழை பெய்து எட்டு, பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம். மூன்று நாலு நாள்தான் நிற்கும், அதனால் தேதி வைத்துப் போக முடியாது. தோட்டக்காரர் யாரையாவது தெரிந்து வைத்துக்கொண்டு, "மழை பெஞ்சுதாங்க?" என்று கேட்டுக் கிளம்ப வேண்டும்.

அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வேண்டாம். கீழ்ப்பழனி கிழக்கைப் பார்த்த சரிவு, வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அடிக்கும். ஒரு நவம்பரில் நான் போனபோது சாலையில் மரம் விழுந்து மத்தியானம் வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் கற்திட்டை இருக்கிற பாறையில் பாசி பிடித்து வழுக்கியது. பாதி தூரத்தில் திரும்பிவிட்டோம்.

இன்னொன்று, தைப்பூசமும் பங்குனி உத்திரமும் எந்தத் தேதி என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் பழனிப் பக்கம் இறங்குகிறோம். பாதயாத்திரைக் கூட்டத்தில் சிக்கினால் அன்றைய திட்டம் அப்படியே நின்றுவிடும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

தங்குமிடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் தோட்ட வீடுகளில் அறை தருகிறார்கள். அறையைப் பேசும்போதே, "பாண்டவர் வீடு பாக்கணும், கூட வர யாராச்சும் இருக்காங்களா?" என்று கேளுங்கள். கற்திட்டைக்கு ஊரில் வழங்கும் பெயர் அது. இந்தப் பயணத்தில் மிக முக்கியமான ஏற்பாடு இதுதான். கற்திட்டைகள் பல தனியார் தோட்டத்துக்குள் இருக்கின்றன, சில வனத்துறை நிலத்தில். மேப்பில் புள்ளி இருக்கிறது என்பதற்காக வேலியைத் தாண்டிப் போகக்கூடாது. வனத்துக்குள் இருப்பதை வனத்துறை அனுமதி இல்லாமல் தொடவே வேண்டாம். தோட்டத்துக்குள் இருப்பதைப் பார்ப்பதற்கே ஒரு நாள் போதாது.

கொடைக்கானல் நகருக்குள் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் தொடங்கிய முறை இது. மூன்றாம் நாள் செண்பகனூர் போகிறோம், அதற்காக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தலக்குண்டில் பெட்ரோல் நிரப்புங்கள், பணமாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் போய்ப் போய் வரும், ஜிபே எல்லா நேரமும் கைகொடுக்காது. கணுக்கால் மூடிய ஷூ, முழுக்கைச் சட்டை, டார்ச், எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை இருக்கிறது. ஈரம் இருக்கிற மாதமாக இருந்தால் அட்டைக்கு உப்பு ஒரு பொட்டலம். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு முன் நிறையச் சாப்பிட வேண்டாம்.

முதல் நாள்: அடிவாரத் திராட்சை, பிறகு ஏற்றம்

ரயிலில் வருகிறவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கி வத்தலக்குண்டுக்குப் பஸ் பிடிக்கலாம். வத்தலக்குண்டில் இருந்தும் திண்டுக்கல்லில் இருந்தும் தாண்டிக்குடிக்கு அரசுப் பஸ் இருக்கிறது. நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை குறைவு.

சொந்த வண்டியாக இருந்தால் காலையில் ஒரு திராட்சைத் தோட்டம் பாருங்கள். திண்டுக்கல் பக்கம் சிறுமலை அடிவாரத்திலும், தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கிலும் விளைவது பன்னீர்த் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அந்த ரகத்தின் பெயர். பன்னீர் வாசம் வருவதால் நம் ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வட இந்தியத் தோட்டங்களில் வருடத்துக்கு ஒரு பருவம்தான் பழம். இங்கே குளிர்காலம் என்று ஒன்று கொடியை உறங்க வைப்பதில்லை, அதனால் கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி வைத்து வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் எடுத்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே கல்தூணும் கம்பியும் கட்டிய பந்தல், அதன் அடியில் கருநீலக் குலைகள். பந்தலுக்குக் கீழே நிற்கிற அந்த ஐந்து நிமிடக் குளிர்ச்சிக்காகவே நிறுத்தலாம். வாங்கிய பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாமல் சாப்பிட வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள்.

ஒயின் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையில் 'ஹோம்மேடு ஒயின்' என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது செய்து விற்பது குற்றம். அந்தப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் யாரும் பொறுப்பில்லை. திராட்சையின் ருசி வேண்டுமென்றால் பந்தலடியில் பறித்த பழத்தில் இருக்கிறது.

ஏறுவதற்கு இரண்டு வழி. ஒன்று ஊத்து, பண்ணைக்காடு வழி. அகலமான சாலை, பயம் இல்லை. மற்றது சித்தரேவு, பெரும்பாறை வழி. குறுகலானது, காடு நெருங்கி வரும், அழகும் கூடுதல். மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் இரண்டாவதில் ஏறுங்கள், மற்றவர்கள் முதலாவதில். பெரும்பாறைக்கு அருகே புல்லாவெளி அருவி இருக்கிறது. மேலே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். பாறை வழுக்கும், தண்ணீருக்குள் இறங்க வேண்டாம்.

எந்த வழியானாலும் மாலை நாலு மணிக்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும். கீழ்ப்பழனியில் யானை உண்டு, காட்டுமாடு தெருவுக்கே வரும். இருட்டிய பிறகு ஒரு வளைவில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைத் தணித்துவிட்டுக் காத்திருங்கள். அதுவாகப் போய்விடும்.

வெளிச்சம் மிச்சம் இருந்தால் தாண்டிக்குடி பாலமுருகன் கோயிலுக்குப் போங்கள். முருகன் இந்த மலையில் இருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குப் போனார், தாண்டிக்குதிதான் தாண்டிக்குடி ஆனது என்பது ஊர்க்கதை. வானம் தெளிவாக இருந்தால் சமவெளி விரிந்து கிடப்பது தெரியும்.

இரண்டாம் நாள்: பெயரில்லாதவர்களின் வீடு

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். சாய்ந்த வெயிலில்தான் கல்லின் செதுக்கு தெரியும்.

வழி கேட்கும்போது 'டால்மென்' என்றோ 'கற்திட்டை' என்றோ கேட்டால் பலருக்குத் தெரியாது. 'பாண்டவர் வீடு' என்று கேளுங்கள், அல்லது 'குள்ளர் வீடு'. பலகைக் கல்லை மூன்று பக்கம் நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாகப் போட்டிருக்கும். உள்ளே ஆள் நிமிர முடியாது. இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கியவர்கள் பாண்டவராகத்தான் இருக்க வேண்டும், இவ்வளவு சின்ன வீட்டில் இருந்தவர்கள் குள்ளராகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் இரண்டு விதமாக யோசித்திருக்கிறார்கள். மாண்டவர் வீடு என்பதுதான் பாண்டவர் வீடு என்று மருவியது என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிக்கும், ஏனென்றால் இவை இறந்தவர்களுக்காகக் கட்டியவைதான்.

பார்க்கும்போது வகை பிரித்துப் பார்த்தால் கண் பழகும். தரைக்கு மேலே தெரிகிற கல் அறை கற்திட்டை. அதே மாதிரி அறையை மண்ணுக்குள் புதைத்திருந்தால் கற்பதுக்கை. சுற்றி வட்டமாக உருண்டைக் கற்களை அடுக்கியிருந்தால் கல்வட்டம். பெரிய பானைக்குள் எலும்பை வைத்துப் புதைத்தது முதுமக்கள் தாழி. சிலவற்றில் முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை போட்டிருப்பார்கள், அது இடுதுளை. இறந்தவரைச் சுடுவதும், வெளியே இடுவதும், குழியில் புதைப்பதும், தாழியில் வைத்துக் கவிப்பதும் என்று பல முறைகள் ஒரே ஊரில் இருந்ததை மணிமேகலை அடுக்கிச் சொல்கிறது. இந்த மலையில் நின்று அந்த அடிகளை நினைத்துப் பார்த்தால், அது வெறும் பட்டியலாகத் தெரியாது.

உட்கார்ந்து, நின்று, குறைந்தது அரை மணி நேரமாவது ஒரு கற்திட்டைக்குக் கொடுங்கள். முதலில் இடத்தைப் பாருங்கள். பல கற்திட்டைகள் மண் அதிகம் இல்லாத வெட்டவெளிப் பாறை மேல்தான் நிற்கின்றன. உழுகிற நிலத்தைக் கெடுக்காமல், தூரம் தெரிகிற இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அடுத்துக் கூரைக்கல்லின் ஓரத்தைப் பாருங்கள், உடைத்து எடுத்த தடம் இருக்கும். அப்புறம் கல் எங்கிருந்து வந்திருக்கும் என்று சுற்றிலும் தேடுங்கள். பாறை தானாகவே ஏடு ஏடாகப் பிரிகிற இடம் பக்கத்திலேயே இருக்கும். நெருப்பு மூட்டிச் சூடேற்றி ஏட்டைக் கிளப்புகிற வித்தை கல்தச்சர்களிடம் அண்மைக்காலம் வரை இருந்தது. அந்தக் காலத்திலும் அப்படியே செய்திருக்கலாம்.

வயது பற்றி எச்சரிக்கையாக இருங்கள். ஏழாயிரம் வருடம் என்று தயங்காமல் எழுதிவிடுகிறார்கள். தென்னிந்தியப் பெருங்கற்காலச் சின்னங்கள் பெரும்பாலும் இரும்புக் காலத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் இரும்பின் பழமையைப் பற்றி 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வின் காலக்கணிப்புகள் வெளிவந்த பிறகு பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கிறது. ஆனாலும் ஓர் இடத்துத் தேதியை எடுத்து இன்னோர் இடத்துக் கல்லில் ஒட்ட முடியாது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் என்று மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், அதுவே அவர்களுக்குப் போதுமான வியப்பு.

தாண்டிக்குடியில் 2000-களின் நடுவில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழாய்வு செய்தார்கள். மட்கலங்கள், இரும்புப் பொருட்கள், சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிகள் எல்லாம் கல்லறைகளில் இருந்தன. சூதுபவளம் இந்த மலையில் கிடைக்கிற கல் அல்ல. அப்படியானால் இந்த உயரத்துக்கு வியாபாரி வந்திருக்கிறார், அல்லது இங்கிருந்து ஆள் இறங்கிப் போயிருக்கிறார். மிளகும் ஏலமும் தேனும் இருக்கிற மலைக்கு வியாபாரி வராமல் இருப்பாரா என்ன?

இப்போது இந்தக் கற்களின் நிலை. நான் முதலில் பார்த்த கற்திட்டைகளில் ஒன்றின் கூரைக்கல் அடுத்த முறை போனபோது கீழே கிடந்தது. புதையல் இருக்கும் என்று யாரோ தோண்டியிருந்தார்கள். இன்னொன்றின் பலகைக்கல்லில் பெயின்டில் இரண்டு பெயர். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே தயவுசெய்து கூரைக்கல் மேல் ஏறாதீர்கள், குழந்தையை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். உள்ளே தவழ்ந்து போகாதீர்கள். கீழே பானை ஓடு கிடந்தால் பாருங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஓடு எந்த இடத்தில் எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது என்பதுதான் ஆய்வாளருக்குச் சேதி. வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வந்துவிட்டால் அது வெறும் ஓடு. சரியான இடம் தெரியும்படி இணையத்தில் குறிப்பதையும் தவிர்த்துவிடுங்கள், தோண்டுகிறவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

தோட்டக்காரர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் கல்லைக் காப்பாற்றி வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். எழுபது வயது கடந்த பெரியவர் ஒருவர் தன் தோட்டத்துக் கற்திட்டையைச் சுற்றி ஒரு வரிசை காபிச் செடியே நடாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "எங்கப்பாரு விட்டுட்டு நட்டாரு தம்பி, நானும் விட்டுட்டேன். அவங்க இருக்கற எடமில்லையா?" என்றார்.

மூன்றாம் நாள்: காபி, பிறகு செண்பகனூர்

காபித் தோட்டத்தைக் காலையில் பறிப்பு தொடங்கும்போது பாருங்கள். எட்டு மணிக்கெல்லாம் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் இறங்கிவிடுவார்கள். சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும், பச்சையை விட வேண்டும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நாலு முறை வர வேண்டியிருக்கிறது. பூத்து எட்டு ஒன்பது மாதம் கழித்துப் பழுக்கிற பழம் அது. ஒன்றைக் கேட்டு வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள். தோல் இனிக்கும், கொட்டையைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு சதை இருக்கும்.

அந்த வழுவழுப்பை எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் ருசி பிரிகிறது. பறித்த அன்றே பழத்தை பல்ப்பரில் போட்டுத் தோலை நீக்கி, தொட்டியில் ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி, களத்தில் காயப்போட்டால் அது பார்ச்மென்ட். பழத்தோடு அப்படியே காயப்போட்டால் அது செர்ரி. முன்னதில் புளிப்பும் வாசமும் துலங்கும், பின்னதில் கனம் கூடும். திராட்சைச் சாறு நொதித்து ஒயின் ஆவதற்கும் இந்தத் தொட்டிக்கும் வேலை ஒன்றேதான்: பழத்தின் சர்க்கரையைக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்கின்றன. கவனம் தவறினால் இரண்டும் கெட்டுப்போகும். தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மோந்து பாருங்கள், நான் சொல்வது புரியும். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டைதான் தேறும் என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாந்து நிழலையும் பாருங்கள். காபிக்கு மேலே சில்வர் ஓக், பலா, காட்டு மரங்கள், அவற்றில் ஏறுகிற மிளகுக்கொடி, நடுநடுவே மலைவாழையும் ஆரஞ்சும். நிழல் குறைந்தால் வெயில் படுகிற தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் முட்டையிடும், அரபிகாவுக்குப் பெரிய எதிரி அது. அதனால் நிழல் மரத்தை வெட்டுகிற தோட்டம் கொஞ்ச வருடத்தில் காபியையும் இழக்கும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும், பக்கத்தில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையமும் இருக்கின்றன. விவசாயம் படிக்கிற பிள்ளைகள் கூட வந்தால் முன்னதாக அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் அங்கே ஒதுக்குங்கள்.

மலைவாழையைச் சாப்பிடாமல் இறங்கக்கூடாது. விருப்பாட்சி, சிறுமலை என்று இரண்டு வகை, இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. சதையில் தண்ணீர் குறைவு. பழனிப் பஞ்சாமிர்தம் கெட்டுப்போகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த வாழை இது, இன்று நீங்கள் வாங்குகிற ஒவ்வொரு சீப்பும் யாரோ விடாமல் காப்பாற்றிய கன்றில் இருந்து வந்தது.

வாங்க வேண்டியதைத் தோட்டத்திலேயே வாங்குங்கள். காபிக் கொட்டை, மிளகு, வாழை. சிக்கரி கலக்காத தூளாகக் கேளுங்கள். வறுத்து இரண்டு வாரத்துக்குள் தீர்கிற அளவு போதும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பண்ணைக்காடு, பெருமாள்மலை வழியாகச் செண்பகனூர் போங்கள். அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1895-ல் இயேசு சபைப் பாதிரியார்கள் தொடங்கியது. பாடம் செய்த விலங்குகளைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். நீங்கள் இந்த மலையின் கற்திட்டைகளில் கிடைத்த பானைகளைத் தேடுங்கள். இங்கே இருந்த ஆங்லேட், நியூட்டன் என்ற இரண்டு பாதிரியார்கள் மலை மலையாக நடந்து, கற்திட்டைகளை அளந்து, வரைந்தார்கள். அந்த ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் நூலாக வெளியிட்டது. நேற்று வெறும் அறையாகப் பார்த்த கல்லுக்குள் எது இருந்தது என்பது இங்கேதான் பிடிபடும். அதனால்தான் இதை முதல் நாளே வைக்கவில்லை.

இரவு பெருமாள்மலைப் பக்கம் தங்குங்கள். நேரம் கூடுதலாக இருப்பவர்கள் ஒரு நாளைச் சேர்த்துப் பேத்துப்பாறைக்குப் போகலாம், அங்கேயும் கற்திட்டைகள் உண்டு.

நான்காம் நாள்: எழுத்து தொடங்குகிற அடிவாரம்

பெருமாள்மலையில் இருந்து பழனி மலைப்பாதையில் இறங்குங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அடிவாரம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனின் நாடு இது. எங்காவது ஒரு வளைவில் நிறுத்தினால் மயில் அகவுவது கேட்கும். 'கோடைப் பொருநன்' என்று புறநானூறு சொல்கிற கடியநெடுவேட்டுவனின் மலையும் இந்தக் கொடைக்கானல் மலைதான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள்.

முதலில் பொருந்தல். பழனிக்குத் தென்மேற்கே, பாலசமுத்திரம் தாண்டி, பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகிற பக்கம். கா. ராஜன் குழுவினர் 2009-லும் 2010-லும் இங்கே தோண்டினார்கள். ஒரு கல்லறையில் நாலு கால் வைத்த ஜாடி. அதற்குள் இரண்டு கிலோ அளவுக்கு நெல். இறந்தவருக்குக் கட்டிக் கொடுத்த சோற்று நெல் அது. அதே கல்லறையில் பானை வைக்கும் பிரிமனை ஒன்றில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் எழுத்து: வய்ர. அந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று காலம் வந்தது. தமிழ் எழுத்தின் வயதைப் பற்றிய விவாதத்தில் பெரிய திருப்பமாக இருந்த தேதி அது. அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம், அதனால் நீங்கள் பார்க்கப்போவது மேடும் வயலும் வரப்பும்தான். பார்க்க ஒன்றும் இல்லையே என்று பிள்ளைகள் கேட்டால், வரப்பில் நிற்கிற நெல்லைக் காட்டுங்கள்.

பழனியில் சாப்பிட்டு, மலைக்கோயில் தரிசனத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று வரிசையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூன்று மணிக்கு மேல் ஐவர்மலைக்குக் கிளம்பலாம்.

பழனிக்கு மேற்கே, கொழுமம் போகிற சாலையில் பாப்பம்பட்டிக்கு அருகே தனியாக எழுந்து நிற்கிற குன்று அது. ஐவர் என்றால் பாண்டவர். மேலே ஏறும்போது திரௌபதி அம்மனும் இருக்கிறார். யார் என்று தெரியாத இடத்துக்கெல்லாம் பாண்டவர் பெயரை வைத்த அதே பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. ஆனால் இந்தக் குன்றின் பழைய பெயர் அயிரை. படியேறிப் போனால் இயற்கையாக நீண்டு கிடக்கிற குகைத்தளம் வரும். அதன் நெற்றிப் பாறையில் பதினாறு சமணத் தீர்த்தங்கரர் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேற்கு வெயில் சாயும்போது முகங்கள் துலங்கும். நாலு மணி வாக்கில் அங்கே இருக்கச் சொல்வது அதற்காகத்தான்.

உருவங்களுக்கு அருகே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 792, பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. 870. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவபடாரர் என்ற தீர்த்தங்கரரின் உருவத்தையும், இயக்கியர் என்ற காவல் தெய்வங்களின் உருவங்களையும் புதுக்கினார். இரண்டுக்கும் தடைபடாத அவியும் (படையல் உணவு), ஓர் அடிகளுக்குச் சோறும் கிடைக்க 505 காணம் பொன் வைத்தார். ஆசிரியர் யார், மாணவர் யார், எந்த வருடம், எவ்வளவு பொன், யாருடைய சோற்றுக்கு என்று எல்லாம் அதில் இருக்கிறது. மேலே மலையில் கூரைக்கல்லைத் தூக்கி வைத்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாமல் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்து இதைப் படித்தபோது, நான் எழுத்துக்களின் மேல் விரல் படாமல் காற்றிலேயே ஒரு முறை எழுதிப் பார்த்தேன்.

நீங்களும் தொட வேண்டாம், கைவியர்வை கல்லுக்கு ஆகாது. மாவோ சுண்ணாம்போ தடவி எழுத்தைத் துலக்க முயல வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். தின்பண்டத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குரங்கு உண்டு. ஆறு மணிக்கு முன் இறங்கிவிட்டால் பழனியில் இரவு ரயிலோ பஸ்ஸோ பிடிக்க நேரம் சரியாக இருக்கும்.